கடைசிக் கூடாரத்தில் இருமியவர்

என் பெயரையும் தந்தை பெயரையும் தனியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலையிடத்தில் கேள்விக்குறி என்று கேட்டால்தான் என்னைக் காட்டுவார்கள். வயது நாற்பத்தொன்று. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் மனைவியுடன் குடியிருக்கிறேன். மாநகராட்சிக் குப்பை லாரியில் பாரம் ஏற்றுவது என் வேலை. யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

நேற்றுக் காலை மேற்பார்வையாளரும் லாரி ஓட்டுநரும் நானும் மேம்பாலத்துக்குக் கீழே வீடில்லாதவர்கள் போட்டிருக்கும் கூடாரங்களை அகற்றப் போனோம். கூடாரத்தில் ஆள் இருந்தால் பொருள்களை எடுத்துக்கொள்ள மாலை வரை அவகாசம் கொடுக்க வேண்டும்; ஆள் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் குப்பை, நேராக அரைக்கும் லாரிக்குள் போகும். இதுதான் விதி. அதன் பிறகு நான் முதல் கூடாரத்தின் துணியைத் தட்டிக் கூப்பிட, உள்ளே ஓர் இருமல் கேட்டு, "இருக்கேன்" என்று பதில் வந்தது. அடுத்ததில் அதே இருமல், "தூங்குறேன்" என்றது. அதற்கடுத்ததில் "குளிக்கிறேன்" என்றது. அந்தக் கூடாரத்தில் நிமிர்ந்து உட்காரவே இடம் கிடையாது. பிறகு ஒன்றில் பெண் குரலில் இருமல் வந்தது. எல்லோருக்கும் சளி பிடிக்கலாம், ஒரே சுதியில் பிடிக்குமா என்று எனக்குத் தோன்றியது. எதையும் எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அதன் பிறகு சுவர்ப் பக்கமாகக் குனிந்து பார்த்தேன். ஒட்டி ஒட்டி நின்ற கூடாரங்களின் பக்கத்துணியைக் கிழித்து, பழைய ஜிப்புகளை வைத்துத் தைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழி வைத்திருந்தார்கள். அந்த வழியாகக் கால் விளங்காத தையல்காரர் ஒருவர் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"தம்பி, எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் வந்துருவாங்க. காட்டிக் குடுத்துடாதீங்க."

"இத்தனை ஜிப்பு எங்க புடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"கிழிஞ்ச பேண்டுலதான். பேண்டு போயிடும், ஜிப்பு நிக்கும்" என்றார்.

அதன் பிறகு நான் வெளியே வந்து எல்லாவற்றிலும் ஆள் இருப்பதாகச் சொன்னேன். மேற்பார்வையாளர் என்ன செவிடா? "வரிசை முழுக்க ஒரே ஆளு இருமுற மாதிரி இருக்கேய்யா" என்றார். முதல் கூடாரத்தில் அவரும் கடைசியில் ஓட்டுநரும் நின்று ஒரே நேரத்தில் கூப்பிடுவது என்றும், பின்பக்கம் நான் காவல் நிற்பது என்றும் ஏற்பாடு செய்தார். தையல்காரர் முதல் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

கடைசிக் கூடாரம் அலுவலகம் கூட்டும் ஓர் அம்மாவும் அவர் மகளும் இருப்பது. எட்டிப் பார்த்தேன். சுவரே இல்லாத அந்த இடத்தில் கம்பில் மாட்டிய ஒரு சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. துவைத்து மடித்த பள்ளிச் சீருடை ஒன்று தலையணைக்கு அடியில் மடிப்பு நிற்பதற்காக வைக்கப்பட்டிருந்தது. இதையா லாரியில் போடுவது என்று நினைத்தேன். முதல் கூடாரத்துப் பக்கமிருந்து மேற்பார்வையாளரின் விசில் கேட்டது. ஓட்டுநர் வெளியே இருந்து "உள்ள யாரு?" என்றார். இருமல் கேட்டது. அவர் துணியை விலக்கிப் பார்க்காமலே, "இருக்காங்க சார். நல்ல சளி போல" என்று கத்தினார்.

அதன் பிறகு மாலை வரை அவகாசம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். மாலையில் எல்லோரும் வந்து பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். சிறுமி கடிகாரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன், அவள் அம்மாவுக்கே தெரியவில்லை. துணியைச் சுருட்டும்போது மேற்பார்வையாளர் ஜிப்புகளைப் பார்த்துவிட்டார். இரண்டு முனையிலும் ஆளாக நடித்து அரசு ஊழியரை ஏமாற்றியதாகத் தையல்காரரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள்.

கால் விளங்காதவர் ஒரே நேரத்தில் இரண்டு முனையிலும் எப்படி இருப்பார்? கடைசிக் கூடாரத்தில் சீருடைக்குப் பக்கத்தில் படுத்து இருமியது நான். பல வருடம் ஒரே லாரியில் போகும் ஓட்டுநருக்கு என் இருமல் தெரியாதா என்று கேட்கிறீர்கள். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆள் இருக்கிறதா என்பதுதான் விதி கேட்ட கேள்வி. அந்த நேரத்தில் அதற்குள் ஆள் இருந்தது.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியதும் குறைத்ததும் இல்லை, நடந்தது இதுவே.

(ஒப்பம்)