இடது பக்கத்துல ரெண்டு பேர்

டேப்புல தப்பு இல்ல மாஸ்டர். இடது தொடை ஒரு இஞ்சு பெருசுதான். எல்லா டெய்லரும் ரெண்டு தடவ அளப்பாங்க, அப்புறம் என் மூஞ்சியப் பாப்பாங்க. பதினாலு வருசம் இந்த ஒரே கால வெச்சுப் பொழச்சவன் நான். வலது கால் சும்மா துணைக்கு வந்துச்சு.

ஃபுட்பால்தான். இல்ல இல்ல, நீங்க பாத்திருக்க மாட்டீங்க. டிவியில வர்ற ஆளு இல்ல நானு. மூணாவது டிவிஷன். மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல மேட்ச் வெப்பாங்க, பாக்க நாப்பது பேரு வருவாங்க, அதுல பத்துப் பேரு எங்க சொந்தக்காரங்க. நான் லெஃப்ட் விங். கோட்டோரமா பந்த எடுத்துட்டு ஓடி, கடைசில நடுவுல இருக்கறவனுக்குத் தூக்கிக் குடுக்கணும். இருநூத்திப் பன்னெண்டு மேட்ச், ஒம்பது கோல். அந்த ஒம்பதுல ரெண்டு என் முதுகுல பட்டு உள்ள போனது. சிரிங்க சிரிங்க, என் பொண்டாட்டியும் இப்படித்தான் சிரிப்பா.

இடுப்பக் கொஞ்சம் லூசா விடுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணும். பழைய கிளப்புல விழா. பழைய ஆளுங்களுக்கு ஷீல்டு குடுக்கறாங்க, எனக்கும் ஒண்ணு. வர மாட்டேன்னுதான் சொன்னேன். செயலாளர் விடல. உன்னப் பத்திப் பேச பூட்டே ஒத்துக்கிட்டான், நீ வரலன்னா எப்படிங்கறாரு. அதனாலதான் மாஸ்டர் வர யோசிக்கறேன். வேற யாரு பேசினாலும் நின்னு கேட்டுட்டு வந்துருவேன். அவன் வாயால நல்லவன்னு கேக்க என்னால முடியாது.

பூட்டுங்கறது பட்டப்பேரு. மைதானத்துல எனக்கு நேர் பின்னாடி நின்னு தடுக்கறவன். அவனத் தாண்டி ஒருத்தன் போக முடியாது, அதனால பூட்டு. ஆறு வருசம் இடது பக்கம் முழுக்க நாங்க ரெண்டு பேருதான். பஸ்ல போனாலும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. என் சாக்ஸ் கிழிஞ்சா அவன் சாக்ஸ எடுத்து மாட்டிக்குவேன், கேக்கக்கூட மாட்டேன்.

இப்ப அவனுக்கு முழங்கால் மடங்காது. இருபது வருசம் ஆச்சு. ஒரு குடோன் வாசல்ல உக்காந்து வர்ற லாரி நம்பர எழுதற வேலை. சினிமாவுக்குப் போனா ஓர சீட்டுதான் கேட்டு வாங்குவான். கால வெளிய நீட்டிக்குவான். யாராவது உள்ள போகணும்னா ஒவ்வொரு தடவையும் கைப்பிடியப் புடிச்சு எந்திரிச்சு வழி விடுவான். பக்கத்துல உக்காந்து நான் அதத்தான் பாத்துட்டு இருப்பேன். படத்துல என்ன கதைன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அவன் சம்சாரம் வேற, நான் போனா போதும், வாங்கண்ணே வாங்கண்ணேன்னு எனக்குத்தான் மொதத் தட்டு வெப்பாங்க. நான் பாதியிலயே கை கழுவிட்டு எந்திரிச்சிருவேன்.

எப்படியா? மேட்ச்லதான். எழுபதாவது நிமிசம். அவன் எடத்துல நான் போய் நின்னிருக்கணும், நிக்கல. மூச்சு வாங்கிடுச்சு, கால் வரலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். கோச் என் தோளத் தட்டி, விடுப்பா, வெயிலு அப்படின்னாரு. எல்லாரும் நம்பிட்டாங்க. என் பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் அதத்தான் நம்பிட்டு இருக்கா.

உங்ககிட்ட எதுக்கு இதெல்லாம் பேசறேன்னு தெரியல. நீங்க அந்த கிளப்பு பக்கமே வரமாட்டீங்க, அந்தத் தைரியமா இருக்கும். கீழ அகலம் போதும், ஆமா.

எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு மாஸ்டர். தடுக்கறவன் தன் எடத்த விட்டு முன்னாடி ஓடறதுன்னா, போறேன்னு கத்துவான். விங்ல இருக்கறவன் இருக்கேன்னு பதில் குடுக்கணும். குடுத்துட்டா இவன் போய் அந்த எடத்தப் பாத்துக்கணும், அதான் பேச்சு. மத்தவனெல்லாம் கத்திட்டு ஒரு தடவ திரும்பிப் பாத்துக்குவான். பூட்டு பாக்க மாட்டான். என் குரல் காதுல விழுந்தா போதும் அவனுக்கு.

அன்னிக்கு மேல் டிவிஷன் கிளப்புலேர்ந்து ஆளெடுக்க ஒருத்தர் வந்திருந்தாரு. மூணாவது வரிசையில தொப்பி போட்டுக்கிட்டு, மடியில நோட்டுப்புத்தகம். உன்னப் பாக்கத்தான் வந்திருக்காருன்னு கோச் காலையிலயே என் காதுல போட்டுட்டாரு. பூட்டுகிட்ட மட்டும் நான் சொல்லியிருந்தேன். எனக்கு இருபத்தாறு வயசு. அதுக்கப்புறம் யாரு வருவா? பூட்டு போறேன்னு கத்தினான். இருக்கேன்னு பதில் குடுத்தேன். குடுத்துட்டு முன்னாடியே நின்னுட்டேன். மூச்செல்லாம் வாங்கல மாஸ்டர். இன்னும் அரை மணி நேரம் ஓடியிருப்பேன். பந்து வந்தா வாங்கிட்டு ஓடணும், அந்தாளு அதப் பாக்கணும், என் மண்டையில அவ்வளவுதான் இருந்துச்சு.

பந்து எதிர் டீமு கைக்குப் போயிடுச்சு. பின்னாடி எடம் காலியாக் கெடக்கு. அப்பத்தான் பூட்டு திரும்பிப் பாத்தான். அவ்ளோ தூரமும் ஓடிப்போய், எட்டாத பந்துக்குக் கால நீட்டிட்டான். அந்தச் சத்தம் நான் நின்ன எடம் வரைக்கும் கேட்டுச்சு.

எடுத்தாங்க, எடுத்தாங்க. ஒரே ஒரு சீசன். அதுலயும் முக்காவாசி நாள் பெஞ்சுல உக்காந்து மத்தவனுக்குத் தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்தேன். அப்புறம் போயிட்டு வாப்பான்னுட்டாங்க.

ஞாயித்துக்கெழமை மைக்க வாங்கி உள்ளதச் சொல்லிடலாமான்னு தோணுது. காறித் துப்புவாங்க. துப்பட்டும், எனக்கு நிம்மதியாத்தான் இருக்கும். ஆனா பூட்டுக்கு அதுல புதுசா ஒண்ணும் இல்ல மாஸ்டர். ஸ்ட்ரெச்சர்ல ஒரு பக்கம் நான்தான் தூக்கினேன். வலியில உதட்டக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம் அவனுக்கு. கண்ணாலயே என்னக் குனியச் சொன்னான். குனிஞ்சேன். அந்தத் தொப்பிக்காரரு உன்னப் பாத்தாராடான்னு கேட்டான்.

பாத்தாருன்னு சொன்னேன்.