சாயாவா, காப்பியா?

— இண்டர்வியூல கேட்டது ஒரே ஒரு கேள்விதான் ஹரி. "சாயாவா, காப்பியா?"

— முதல்ல செருப்பை அவுத்துட்டு உள்ள வா ஸ்நேஹா. வாசல்ல நின்னு கத்தாதே, மேல இருக்கற சேச்சி கேப்பா.

— கேக்கட்டும்! மட்டாஞ்சேரி முழுக்கக் கேக்கட்டும். நேக்கு நெஞ்சு கொதிக்கறது.

— சாரமில்லே, போட்டும் விடு. இந்தா சொம்பு, வெள்ளம் குடி. எதுவானாலும் உக்காந்து பேசுவோம்.

— என்ன சாரமில்லே? வீடு இடிஞ்சு விழுந்தாலும் நோக்கு சாரமில்லேதான். தோசை வார்த்துண்டே ஜிஎஸ்டி படிச்சேன். அதிதிக்குத் தலை பின்னிண்டே ஏற்றுமதி ரீஃபண்ட் படிச்சேன். அந்தக் குழந்தைக்கே இப்போ பாதி மனப்பாடம். தினம் ராத்திரி சாப்பாடு ஆனதும் நீ அந்த நாற்காலில மேனேஜர் மாதிரி உக்காந்துண்டு, "எட்டு வருஷம் ஏன் வேலைக்குப் போகல்லே மேடம்?"னு கேக்க, நான் சொல்ல, "நன்னால்லே, திரும்பச் சொல்லு"ன்னு நீ விரட்ட...

— சொல்லித் தந்தது தப்பா? ஆபீஸ்ல எத்தனை பேரை நான் இண்டர்வியூ பண்றேன்.

— தப்புன்னு சொன்னேனா? கண்ணைப் பாத்துப் பேசுன்னாய். பழைய கம்பெனியைக் குத்தம் சொல்லாதேன்னாய். கேக்கறவா பாதி கேள்வியைப் பதில் தெரிஞ்சுண்டேதான் கேப்பா, ஆளு பொய் சொல்றாளான்னு பாக்க, அதனால உள்ளதைச் சொல்லிடுன்னாய். எல்லாம் வாங்கிண்டேன். கஞ்சி போட்ட காட்டன் புடவையைக் கட்டிண்டு, கசங்கிடுமோன்னு பஸ்ல உக்காராம நின்னுண்டே போனேன் ஹரி. எதுக்கு? சாயா குடிக்கவா?

— சரி, உள்ள என்ன நடந்தது? ஒழுங்காச் சொல்லு.

— கடைசி ரவுண்டுல ரெண்டே பேர். எனக்கு முன்னாடி விஸ்வநாத்னு ஒரு பையன். வெளில வரச்சே சட்டை முதுகோட ஒட்டியிருந்தது. என்னவாக்கும் கேட்டான்னேன். "கேக்காதது ஒண்ணும் பாக்கி இல்லே சேச்சி"ன்னான். அப்பறம் நான் போறேன். உன் சிநேகிதர், அந்தக் கம்பெனி எச்.ஆர். வெங்கிட்டு சார், "வா குட்டி, உக்காரு, ஆத்துல எல்லாருக்கும் சுகந்தானே?"ங்கறார். சாயா வந்தது. பிஸ்கட் வந்தது. "சரி, நாங்க ஃபோன்ல விளிச்சுப் பறையறோம்." தீந்தது! என் ஃபைலைத் தொறக்கக்கூட இல்லே. பொண்ணு பாக்க வரவாகூட ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேப்பா.

— வெங்கிட்டு நம்ம சமூஹத்து மனுஷன். தெரிஞ்ச பொண்ணுன்னு மரியாதையா நடத்தியிருக்கான்.

— அந்த மரியாதையை அவரே வெச்சுக்கட்டும். பக்கத்துல சேவியர் சார், ஃபைனான்ஸ் ஹெட். அவர் தலையே தூக்கல்லே. பேனா மூடியைத் திருகிண்டே இருந்தார்.

— ஆமாம், இடப்பள்ளிலேர்ந்து வர இத்தனை நேரமா? ரோட்டுல வண்டியெல்லாம் ப்ளாக்கா?

— பேச்சை மாத்தாதே. வெங்கிட்டு சாரை நம்ம ஆத்துலேர்ந்து ஆரோ விளிச்சிருக்கா. "நேத்துகூட ஹரி..."ன்னு ஆரம்பிச்சுட்டு முழுங்கினார். நீ விளிச்சயா?

— நானா? நான் எதுக்கு...

— விளிச்சயா இல்லையா?

— சரி, விளிச்சேன். ஒரு வார்த்தை போட்டு வெச்சேன். ஊர்ல எல்லாரும் பண்றதுதானே?

— சிபாரிசு!

— சிபாரிசுன்னே வெச்சுக்கோ. ஜோலி கிடைச்சாப் போறாதா? கேள்வி கேக்காம வேலை குடுத்தா அதுக்கும் சண்டை போடறவளை இப்பத்தான் பாக்கறேன்.

— நல்லாப் பாத்துக்கோ! எட்டு வருஷம் ஆத்துல இருந்தேன், மூளையைக் கழட்டி அடுக்களைப் பரண்ல போடல்லே. நாளைக்கு அந்த சீட்டுல நான் உக்காந்தா, சாயா கொண்டு வரவன்கூட நெனைப்பான், இது புருஷன் விளிச்சு வாங்கிக் குடுத்த வேலைன்னு. என்னைக் கேக்கணும் ஹரி. கஷ்டமாக் கேக்கணும். தோத்தாலும் நானாத் தோக்கணும், தெரியறதா?

— சரிடி அம்மா, தப்புதான். உன் நல்லதுக்குன்னு பண்ணிட்டேன்.

— என்ன சொன்னாய் அவர்கிட்ட? சொன்னபடியே சொல்லு.

— "ஸ்நேஹா கெட்டிக்காரி, பொறுப்பா இருப்பா, ஒரு சான்ஸ் குடு"ன்னேன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவேயாக்கும்.

— வேற ஒண்ணும் சொல்லல்லே?

— சொல்லல்லே. வேணும்னா அதிதி மேல ஆணையா...

— குழந்தையை இழுக்காதே! வாயை மூடு. வழில ப்ளாக் ஒண்ணும் இல்லே ஹரி. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன், மனசு கேக்கல்லே. திரும்ப மாடி ஏறிப் போய் சேவியர் சார் ரூம் கதவைத் தட்டினேன். "என்னை ஏன் சார் ஒண்ணும் கேக்கல்லே?"ன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டேன்.

— திரும்பப் போனயா? நீயா?

— நான்தான். மனுஷன் முழிச்சார். "எந்தினா மோளே, எதுக்குக் கேக்கணும்? உங்க வீட்டுக்காரர் வெங்கிட்டுவை விளிச்சுப் பறைஞ்சாரே. அடுத்த மாசம் குடும்பத்தோட கோயம்புத்தூருக்கு மாறறோம், அவளுக்குச் சொல்ல மனசு வரல்லே, நோகாமத் திருப்பி அனுப்பிடுங்கோன்னு"ன்னார்.

— ஸ்நேஹா, அது வந்து...

— கோயம்புத்தூர்! அங்கே நமக்கு ஒரு ஈ காக்கா உண்டா? வேலையைக் கெடுத்தது பத்தாதுன்னு, இப்போ நான் சும்மா சிபாரிசுன்னதும் அதையும் பிடிச்சுண்டு, வாங்கிக் குடுத்தவன்னு பேர் எடுத்துக்கப் பாத்தாயே. அதுவும் என் கண்ணைப் பாத்துண்டு!

— நீ கடைசி ரவுண்டு வரைக்கும் வருவாய்னு நான் நெனைக்கல்லே ஸ்நேஹா. ஏதோ ஆசைக்குப் படிக்கறாய்னு இருந்தேன். பின்னே இண்டர்வியூ லெட்டர்ல "மேனேஜர்"னு பாத்ததும்... நான் இன்னும் அசிஸ்டண்ட் மேனேஜர்தானே. நாளைக்கு சமூஹத்துல நாலு பேர் சிரிப்பா.

— அப்போ தினம் ராத்திரி அந்த நாற்காலில உக்காந்தது விளையாட்டுக்கு. நான் ஜெயிக்காத வரைக்கும் நீ நல்ல வாத்தியார். ச்சீ!

— இப்பவே வெங்கிட்டுவை விளிக்கறேன். தெரியாமச் சொல்லிட்டேன்னு...

— ஃபோனைக் கீழ வை. நீ விளிச்சதெல்லாம் போறும். திங்கக்கிழமை காலம்பற சேவியர் சார் மறுபடி வரச் சொல்லியிருக்கார். அந்தப் பையனைக் கேட்டதெல்லாம் என்னையும் கேப்பாராம். சாயா கிடையாதாம்.

— அப்போ... கோயம்புத்தூர் விஷயம்? நான் பொய் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிட்டாயா?

— இல்லே. பொய்யில்லே சார், அவர் மட்டும்தான் போறார்னு சொன்னேன்.