முன்னால் போனவரின் முதுகு

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மண்டைக்காட்டில் நாகர்கோவில் பஸ் ஏறினேன். முன் பெஞ்சு பெண்களுக்கு. அதில் கல்யாணமாகி அதிக நாள் ஆகாத ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு நேர் பின்னால், என் பக்கத்தில், அவள் புருஷன். காற்று வாங்குவதற்கென்றே மணவாளக்குறிச்சியிலிருந்து கடலோரமாக நடந்து வந்திருந்தார்கள். இரண்டு பேர் காலிலும் கரிமணல்.

"கடல் எப்பிடி இருந்து?" என்று அவர் கேட்டார்.

"நான் எங்க கடலைப் பாத்தேன்? உங்க முதுகைத்தான் பாத்தேன்," என்றாள் அவள், திரும்பாமலே.

"ஆம்பளைதானே முன்னால போவான்?"

"அதுக்குப் பத்தடி முன்னாலயா? நான் சொன்னது ஒண்ணும் உங்க காதுல விழல்ல."

"சேந்து நடந்தா ஆளுவ என்ன சொல்லுவாவ?"

"அங்க நண்டைத் தவிர ஆரு இருந்தா?"

அவர் குனிந்து கால் மணலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இப்போ நான்தான் உனக்க கொண்டையைப் பாத்துட்டு வாறேன். பிச்சிப்பூ வாடிப்போச்சு, கேட்டியா."

"அதையாவது பாத்தியளே."

இரணியல் முக்கில் இறங்கினார்கள். அவர் பழக்கதோஷத்தில் பத்தடி போய்விட்டு, ஞாபகம் வந்தவராக நின்றார். அவள் பக்கத்தில் வந்து நிற்பாள் என்றுதான் நானும் நினைத்தேன். நிற்கவில்லை, அவரைத் தாண்டிப் போனாள். பஸ் கிளம்பியபோது அவள் எதையோ சொல்லிக்கொண்டே முன்னால் போக, அதைக் கேட்பதற்காக அவர் எட்டி நடந்துகொண்டிருந்தார்.