நிஜாம் பாய் எடுத்து வந்த பாஸ்போர்ட்டுகள்

2023 ஏப்ரல் 15. சனிக்கிழமை. காலை ஒன்பது தாண்டிவிட்டது. சூடானின் கார்த்தூம் நகரம். ஒரு மளிகைக் கடைக்குள் தரையோடு தரையாகக் கிடக்கிறேன். முதலில் துப்பாக்கி. பிறகு விமானத்தின் இரைச்சல். பிறகு கண்ணாடி நொறுங்குகிறது.

"ஷட்டர எறக்குங்க! எறக்குங்க!"

கத்தியவர் நிஜாம் பாய். காரைக்கால் டவுன்காரர். நான் பக்கத்திலுள்ள தலத்தெரு. இருவரும் அங்கே கடை கடையாக ஏறி பிஸ்கட் விற்றோம். வெவ்வேறு கம்பெனி. இரண்டையும் இறக்குமதி செய்த முதலாளி ஒருவர். எங்களை மோதவிட்டவரும் அவரே. நான் அடுக்கிய பாக்கெட்டை பாய் பின்னால் தள்ளுவார். அவருடையதை நான் தள்ளுவேன். இரண்டு வருடம் பேச்சில்லை.

கடைக்காரர் பின்வாசலால் ஓடிவிட்டார். நாங்கள் மாட்டிக்கொண்டோம். பாய்க்கு நோன்பு. பகலில் நானும் சாப்பிடவில்லை. பொழுது சாய்ந்ததும் என் பிஸ்கட்டைப் பிரித்தோம்.

"நல்லாத்தாங்க இருக்கு அந்தோணி. இத வச்சிக்கிட்டா எங்கிட்ட தோத்தீங்க?"

சிரித்தேன். அந்த வாரத்தில் ஒரே முறை.

பாஸ்போர்ட்டுகள் முதலாளியின் அலுவலகத்தில். மூன்று தெரு தள்ளி. வேலைக்குச் சேர்ந்த அன்றே பிடுங்கி வைத்துக்கொண்டார். போன் செய்தோம். அவர் எகிப்துக்குக் கிளம்பியிருந்தார். "அங்கயே பத்திரமா இருக்கட்டும்" என்றார். எங்களைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு போனை எடுக்கவே இல்லை.

ஏழாம் நாள் நோன்புப் பெருநாள். சண்டை நிறுத்தம் என்றார்கள். பொய். பாய் நம்பினார். பாஸ்போர்ட்டுகளை எடுக்கக் கிளம்பினார்.

"கம்பெனிச் சட்டையப் போட்டுக்குங்க பாய். வழியில கடைக்காரங்களுக்கு அடையாளம் தெரியும்."

சொன்னவன் நான். விற்பனைக்காரன் புத்தி. கரும்பச்சைச் சட்டை. தோளில் பட்டி. தூரத்தில் பார்ப்பவனுக்கு அது ராணுவச் சட்டை. எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாற்பதுக்குத் திரும்பி ஓடி வருகிறார்.

"அந்தோணி! ஷட்டரத் தூக்குங்க!"

தூக்குகிறேன். மூன்று வெடி. ஐம்பது அடி தூரத்தில் விழுகிறார். தவழ்ந்து போனேன். மூச்சில்லை. சட்டைப் பையில் இரண்டு பாஸ்போர்ட்டுகள். ஈரமாக இருந்தன. எடுத்துக்கொண்டேன்.

முதலாளி இப்போது கெய்ரோவில் கடை போட்டிருக்கிறார். பாய் வீட்டுக்கு அவர் அனுப்பிய செய்தியில் "அனுமதியின்றி வெளியே சென்றதால்" என்று இருக்கிறது. யாருடைய அனுமதி?

இழந்த கணக்கை எழுதி வைக்கிறேன். நிஜாமுதீன், வயது நாற்பத்து மூன்று. மனைவி, இரண்டு பெண்கள். அடக்கம் இல்லை. தொழுகை இல்லை. தூக்க நாலு பேர் இல்லை. பக்கத்தில் ஒருவன் இருந்தான். அவனும் ஓடிவந்துவிட்டான்.