கட்டுப்பாட்டு அறையின் பதில்

— புலியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எடுக்காதீங்கன்னு சொன்னேனே. ரெண்டு பேருக்கும் முதுநகர்னே எடுங்க.

— முதுநகரா? அதாவது, நம்ம வீட்டுக்கா வர ராணி?

— வேற யாரு வீடு இருக்கு எனக்கு அங்க?

— இல்ல, புலியூர்ல எறங்கி நெல்லிக்குப்பம் பஸ் புடிக்கலன்னா உங்கப்பா தேடுவாரேன்னு.

— அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் பயிற்சிக்கே கெளம்பி வந்தேன். முடிஞ்சதும் நேரா உங்ககூட போறேன்னு.

— சீக்கிரம் சொல்லுங்க சார், எங்க எறங்கணும்? பின்னால கூட்டம் நிக்குது.

— முதுநகர் ரெண்டு கொடுங்க கண்டக்டர். என் வீட்டுக்காரி நாலு வருஷம் கழிச்சு வருது, சில்லறையைப் பத்தி எல்லாம் கவலையில்ல, வச்சுக்கங்க.

— அந்த ஆளுகிட்ட எதுக்கு அதெல்லாம்?

— சந்தோஷத்துல சொன்னேன். சரி, நகந்து ஒக்காரு. வெயில் இந்தப் பக்கம் ஜாஸ்தி. என்னா திடீர்னு?

— திடீர்னு இல்லீங்க. போன மாசம் மழை கொட்டுச்சே, அன்னைக்கு ஸ்கூல் புள்ளைங்களை வரிசையா ரோட்டைத் தாண்டி கூட்டிப் போனேன். மூணாம் கிளாஸ் பொண்ணு ஒண்ணு, என் கையைப் புடிச்சுக்கிட்டு வந்துது. லாரி ஒண்ணு ஹார்ன் அடிச்சதும் வெடுக்குன்னு இழுத்தா பாருங்க, கை வழுக்கிடுச்சு. நான் இறுக்கித்தான் புடிச்சிருந்தேன். ஈரக் கை நிக்கல.

— ஐயோ. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே?

— ஒண்ணும் ஆகல. ஓரத்துல போய் நின்னுக்கிச்சு. நான்தான் நடு ரோட்டுலயே நின்னுட்டேன். அப்படியே மழையில நின்னு உங்களை நெனச்சேன். கை வழுக்கும். வேணும்னு யாரும் செய்யறதில்ல. அது புரிய எனக்கு நாலு வருஷம் ஆயிருக்கு.

— ம்.

— கவனிங்க, இதைச் சொல்லத்தான் ரெண்டு நாளா நெனச்சேன். அங்க எங்க பேச விட்டாங்க? உங்களை ஒரு ரூம்ல போட்டுட்டாங்க, என்னைப் பக்கத்து ரூம்ல. நடுவுல ஒரு சுவர். கூப்புட்டா கேக்கும். ஆனா வாயைத் தொறக்கக் கூடாது, எதுன்னாலும் அந்த வெப்சைட்டுல மெசேஜ் அடிக்கணும்.

— பயிற்சின்னா அப்படித்தான். நெசமாவே சுனாமி வந்தா கலெக்டர் ஆபீசும் கிராமமும் பக்கத்து ரூம்லயா இருக்கும்?

— பயிற்சி கொடுத்த தட்சிணாமூர்த்தி சாரும் அதையேதான் சொன்னாரு. இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிச்சு அடிச்சு விரலு மரத்துப் போச்சு. எங்க டீம்ல நான் ஒருத்திதான் வேகமா அடிப்பேன்னு என்னையே ஒக்கார வச்சுட்டாங்க. கேள்வி வந்துக்கிட்டே இருக்கு, ஒண்ணுக்குப் பதில் போடுறதுக்குள்ள அடுத்தது. மருத்துவமனை டீம், போலீஸ் டீம், கிராமத்து டீம். யாரு அடிக்கிறாங்கன்னு பேர் கிடையாது, டீம் பேருதான். பார்க்கலாம், யோசிக்கிறோம்னு எல்லாம் போடக் கூடாது. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல.

— தெரியும். எங்க ரூம்லயும் போர்டுல எழுதிப் போட்டிருந்தாங்க, எந்த டீம்ல யாரு கம்ப்யூட்டர்ல ஒக்காந்திருக்காங்கன்னு. கட்டுப்பாட்டு அறை, ஜெயராணி டீச்சர்.

— அப்படியா? எங்க ரூம்ல அப்படி எதுவும் போடலையே.

— கடைசியில கை தட்டுனாங்களே ராணி. நல்லா இருந்துதா?

— எதுக்குத் தட்டுனாங்க?

— ப்ரொஜெக்டர்ல போட்டுக் காட்டுனாரே. தண்ணியில ஒரு ஆளு, ரெண்டு கையில ரெண்டு பொண்ணுங்க. அந்த மெசேஜ். கட்டுப்பாட்டு அறை தடுமாறாம பதில் கொடுத்துதுன்னு மொத்தப் பேரு முன்னால புகழ்ந்தாரே.

— ஆமா, அதுவா. அது பாவம், யாரோ எழுதியிருந்தாங்க. பதில் அடிக்கவே மனசு வரல எனக்கு. சாரு பின்னாலயே நிக்கிறாரு, பதில் பதில்னு. அடிச்சுட்டேன்.

— என்னா அடிச்ச? சொல்லு பாப்போம்.

— வேணாங்க. பயிற்சி முடிஞ்சுது, விடுங்க. முட்லூர் தாண்டிடுச்சா?

— நான் சொல்றேன். அதாவது, கேள்வி இது. ஒருத்தன் கழுத்து வரைக்கும் தண்ணியில நிக்கிறான். பெரிய பொண்ணுக்கு ஆறு வயசு, கொஞ்சம் நீச்சல் தெரியும். சின்னதுக்கு மூணு. படகு வர நேரமாகும். ரெண்டையும் வச்சுக்கிட்டு அவனால கரை ஏற முடியாது. யாரை விடுறது? உடனே பதில் வேணும். சரியா?

— அப்படியே ஒப்பிக்கிறீங்க.

— உன் பதிலையும் ஒப்பிக்கிறேன். பெரியவளை விடவும். சின்னவளைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வரவும். கட்டுப்பாட்டு அறை.

— கிராமத்து டீம்ல நீங்க இருந்தீங்களா?

— இருந்தேனாவா? அந்த மெசேஜை அடிச்சதே நான்தான்.

— பொண்ணுங்கன்னு ஏங்க போட்டீங்க?

— பசங்கன்னு போட்டிருந்தா உனக்குப் பிடிபட்டிருக்கும். ஆறு வயசு நம்ம ஜோயலு, மூணு வயசு எபி. அப்புறம் நீ எங்க பதில் சொல்ல? எந்திரிச்சு வெளியில ஓடியிருப்ப.

— தெரிஞ்சே எனக்கு அனுப்புனீங்க.

— தெரிஞ்சேதான். போர்டுல உன் பேரைப் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன். ஒரு நாள் பூரா காத்துக்கிட்டு இருந்தேன், எப்போ அனுப்புனா நீ யோசிக்காம அடிப்பேன்னு. மத்தியானம் எல்லா டீமும் உன்மேல வந்து விழுந்துது பாரு, அப்போ அனுப்புனேன்.

— ஏங்க, நான்தான் வீட்டுக்கு வரேன்னு சொல்லிட்டேனே. எதுக்கு இப்போ இது?

— நீ வரது உன் இஷ்டம். வந்தா சோறு போடுறேன். ஆனா எனக்கு இது வேணும் ராணி. ஜோயலோட அடக்கத்தன்னைக்கு சர்ச் வாசல்ல நின்னு என்னா கேட்ட நீ? பாதர் இருந்தாரு, எங்க அம்மா இருந்தாங்க, எங்க அமிர்தம் அக்கா அவ புள்ள எபியை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னுது. அக்கா புள்ளைய இறுக்கிப் புடிச்ச கை என் புள்ளைய மட்டும் ஏன் லேசா புடிச்சுதுன்னு கேட்ட. அன்னைக்கு கெளம்புன அக்கா இன்னும் என் வீட்டு வாசப்படி மிதிக்கல. தாலுக்கா ஆபீசுல கூட எவனாவது ரெண்டு பேரு கூடிப் பேசுனா என்னைப் பத்தித்தான்னு தோணும்.

— கேட்டது தப்புதான். அதுக்குத்தான் வரேன்.

— நீ மன்னிச்சு விட்டு வர வேணாம். அதைத்தான் சொல்றேன். நான் தப்பு பண்ணியிருந்தாத்தான மன்னிப்பு? இன்னைக்கு நீயே சொல்லிட்ட. பெத்த அம்மா, டீச்சர், நிதானமா ஏசி ரூம்ல ஒக்காந்து சொன்ன பதில். அறுபது பேரு கை தட்டுனாங்க. நாளைக்கு பாதர்கிட்ட வந்து இதைச் சொல்லு. அக்காவுக்கு போன் போட்டுச் சொல்லு. எனக்கு அது போதும்.

— ஜோயலுக்கு நீச்சல் தெரியாதே.

— என்னா?

— பெரியவளுக்குக் கொஞ்சம் நீச்சல் தெரியும்னு எழுதியிருந்தீங்க. அதை வச்சுத்தான் நான் பெரியவளைன்னு அடிச்சேன். எப்படியாவது தத்தளிச்சு மேல வந்துடுவான்னு. ஜோயலு குளத்துல கூட எறங்குனதில்ல.

— அது சும்மா சேத்தது.

— எதுக்குச் சேத்தீங்க?

— இல்லன்னா நீ சட்டுனு பதில் போட மாட்டேன்னுதான். அதாவது, ஏதாவது ஒரு காரணம் கையில கொடுத்தாத்தான் மனுஷன் முடிவெடுப்பான். பயிற்சிதான, சாட்சிக் கூண்டா?

— இப்பதான் நானே சொன்ன பதில்னீங்க, பாதர்கிட்ட சொல்லச் சொன்னீங்க. இப்போ பயிற்சியா?

— வார்த்தையைப் புடிச்சுத் தொங்காத. நீச்சல் இல்லன்னே வச்சுக்க. அப்போ என்னா போட்டிருப்ப? மூணு வயசுக் கொழந்தைய விட்டிருப்பியா? அடுத்தவ புள்ள, விருந்துக்கு வந்த புள்ள. கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறு நாளு, அக்கா நம்மளை நம்பித்தான் பீச்சுக்கு அனுப்புச்சு. வெறும் கையோட போய் அவ முன்னால நிக்க முடியுமா? சொல்லு பாப்போம்.

— சத்தம் போடாதீங்க. முன் சீட்டுல திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். உனக்கு கம்ப்யூட்டர் முன்னாடியே பதில் போட அவ்ளோ நேரம் ஆச்சு. எனக்கு அந்த நேரம் கூடக் கெடையாது.

— எவ்ளோ நேரம் இருந்துது?

— முத அலை எறங்கிப் போவுது, ரெண்டாவது தூரத்துல எழும்புறது தெரியுது. அதுக்குள்ளதான்.

— அப்போ ரெண்டு பேரும் உங்க கையிலதான் இருந்தாங்களா?

— ஒண்ணு இந்தக் கையில, ஒண்ணு அந்தக் கையில. எபி கத்திக்கிட்டே கழுத்தைக் கட்டுறான். ஜோயலு மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டு இருக்கான். ரெண்டு பேரோட கரைக்கு வர முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு.

— கவனமாச் சொல்லுங்க. ஜோயலு உங்க மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டு இருந்தான்.

— ஆமாங்கறேன். பக்கத்துல கட்டுமரம் கட்டுற கல் தூண் ஒண்ணு இருந்துது. அதைக் கட்டிக்கடா, அப்பா இதோ எபியைக் கரையில விட்டுட்டு வந்துடுறேன்னேன்.

— கட்டிக்கிட்டானா?

— எங்க? என் கையை விட மாட்டேங்குறான். அழுவுறான். விரலைப் பிரிச்சு தூண்மேல வச்சுட்டு ஓடுனேன். திரும்பிப் பாத்தா தூணே தெரியல. அதாவது, நான் வேற என்னா பண்ணியிருக்கணும்? நீயே அதைத்தான அடிச்ச? பெரியவளை விடவும்னு அடிச்சியா இல்லையா?

— அடிச்சேன்.

— அவ்ளோதான். இதை ஒத்துக்கிட்டேன்னா போதும். இனிமே இதைப் பத்தி நம்ம வீட்டுல பேச்சே வேணாம். கிறிஸ்துமசுக்கு அக்காவைக் கூப்புடலாம். எபி இப்போ ரெண்டாவது படிக்கிறான், நல்லா பாட்டு பாடுறான் தெரியுமா? அழுவாத ராணி. நான் உன்னைக் குத்தம் சொல்லல. நீ செஞ்சதும் சரி, நான் செஞ்சதும் சரி. ரெண்டு பேரும் இப்போ சமம்.

— நான் அழுவல.

— முதுநகர் எறங்குறவங்க எல்லாம் முன்னாடி வாங்க! வண்டி நிக்காது, சீக்கிரம்!

— வந்துடுச்சு. எந்திரி. பையைக் குடு, நான் தூக்குறேன்.

— கண்டக்டர், எனக்கு இங்கேருந்து புலியூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டிக்கெட் போடுங்க.

— என்னா ராணி இது? பஸ்சுல வச்சு மானத்தை வாங்காத. எறங்கு. வீட்டுல போய் பேசிக்கலாம். நாலு வருஷமா என்னைக் கேள்வி கேட்ட, இன்னைக்கு பதில் கெடைச்சதும் கோவம் வருதா?

— இந்த நாலு வருஷமும் அலை இழுத்துச்சு, கை வழுக்கிடுச்சுன்னுதான் நீ சொல்லிக்கிட்டு இருந்த ராபர்ட்டு. அவன் விரலை நீ பிரிச்சேங்குறதை இப்போ, இந்த பஸ்சுலதான் கேக்குறேன்.