பலூன் இல்லாத ஜீப்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“நீங்க வாங்கப் பாக்கிற அந்த ஜீப்புக்குள்ள பலூன் இரிக்கா?” என்று மனைவி கேட்டதும் காதைக் கொடுத்தேன்.

“அதுக்குப் பேர் எயார்பேக் புள்ள. லெதர் சீட், மேல திறக்கிற கண்ணாடி. நம்மட காசுக்கு இப்பிடியொண்டு கிடைக்காது.”

“முன்னம் எங்கயோ அடிபட்டு அது வெடிச்சதாமே. புதுசு போட்டிரிக்கா?”

“இல்லதான். நான் மெதுவாத்தானே ஓடுவன்.”

“முன்னுக்கு வாற லொறிக்காரனும் மெதுவா வருவானா? மூணு புள்ளையளையும் ஏத்திட்டு வானத்தைப் பாத்துட்டா போற?”

நிந்தவூர் வந்தது. கணவர் வாகனத் தரகருக்குப் போன் எடுத்தார்.

“காக்கா, அது வேணாம். ஆறு எயார்பேக்கும் இரிக்கிற அந்தப் பழைய வெள்ளை ஜீப்ப எனக்குப் புடிச்சி வைங்க. ஓம், நானே நல்லா யோசிச்சித்தான் முடிவெடுத்தன்.”

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.