சீனி போட்ட காப்பி

எண்பதுகளில் ஒருநாள், கோலசிலாங்கூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் ரப்பர் தோட்டத்துப் பையன்கள் இருவர். அந்த வயதில் ஒருத்தியிடம் வாய் திறக்காமலே இருந்துவிட்டவன் நான். காது தானாக அங்கே போனது.

“மரம் வெட்ட செல்விக்குப் பக்கத்து நெரையக் கேட்டேன். வேலை பிரிச்சுக் குடுக்குற மண்டோரு அவங்கம்மா பக்கத்துல போட்டுட்டாருடா. மூணு மாசமா அந்தம்மா பால் வாளியத்தான் தூக்கறேன்.”

“மாமியாரு என்ன குடுத்தாங்க?” சிரித்தான் மற்றவன்.

“காப்பிதான். ஒரே இனிப்புலா.”

“அவங்களுக்குச் சீனி வியாதியாச்சே?”

“அதான், ஒரு வாய் குடிச்சிட்டு, ‘ஒரு வாரமா இப்படியே கலக்குறா’ன்னு திட்டிக்கிட்டே போத்தல என்கிட்ட குடுத்துர்றாங்க.”

“டேய், அவங்க வீட்டுல காப்பி கலக்குறது யாரு?”

“செல்வி.”

தோட்டம் இன்னும் வெகுதூரம். சொன்னவன் எழுந்து, இறங்குவதற்கான மணியை அழுத்திவிட்டான்.